தீவிரத்துக்குத் தோள் கொடுத்தவர்கள்

இலங்கையில் இனவெறி அரசியல் ஆட்சிக்கு வந்த வரலாறு, ஒரு சிறப்புப் பார்வை

இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்த 1952இல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர் ஒரு ராஜபாளையத்துக்காரர். 1949 ஏப்ரல் முதல் ஆட்சிப் பொறுப்பில் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா, தன் சொந்தப் பகுதியான ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அந்தத் தேர்தலில் தோற்றார். தோல்வியை ஏற்று ஒதுங்கிக்கொண்டார், ராஜாஜி முதல்வரானார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் காமராஜர் வென்றார். மம்சாபுரம் போன்ற மலையடிவாரத்து ஊர்களில், அதுவரை எந்த ஆட்சியாளரும் ஒரு வார்த்தை கேட்டிராத விவசாயக் கூலிகளும் எழுத்தறியாத பெண்களும் முதல் தடவையாக வாக்குச்சீட்டைப் பெட்டியில் போட்டார்கள். ஆட்சியில் இருந்தவரை வீட்டுக்கு அனுப்ப அவர்களால் முடிந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலும் பொதுத்தேர்தல். அங்கே வயதுவந்தோர் எல்லோருக்கும் வாக்குரிமை 1931இலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, ஆசியாவுக்கே முன்னோடியாக. ஆனால் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரை, திருச்சி, சேலம் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த 1952 தேர்தலில் வாக்களிக்கவில்லை. 1947இல் வாக்களித்தவர்கள்தான் அவர்கள். ஐந்தே ஆண்டுகளில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் வாக்கும் குடியுரிமையும் சட்டப்படி, வாக்கெடுப்பு நடத்தி, நாடாளுமன்ற மரபு ஒன்றுகூடப் பிசகாமல் பறிக்கப்பட்டிருந்தன.

பறித்தது இனவெறிக் கட்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி (ஐ.தே.க.) அது. ஆங்கிலேயர் மதித்த, தமிழ்ப் பிரமுகர்களையும் அமைச்சரவையில் வைத்திருந்த, மிதவாதிகளின் கட்சி. இலங்கையின் மக்களாட்சி எங்கே பழுதுபட்டது என்று தேடுகிறவர்கள் பொதுவாக 1956க்கோ 1983க்கோ போவார்கள். 1956க்கும் எட்டு ஆண்டுகள் முன்னால், இந்த மிதவாதிகளின் மேசையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பட்டியலிலிருந்து போனவர்கள்

1947 தேர்தலில் 95 இடங்களில் ஐ.தே.க. பிடித்தது 42. லங்கா சமசமாஜக் கட்சியும் மற்ற இடதுசாரிகளும் வலுவாக வந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்திலிருந்து சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியக் காங்கிரஸ் உறுப்பினர்கள் நாடாளுமன்றத்துக்குப் போனார்கள். தொண்டமான் பிறந்த முனப்புதூர் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இருந்த அதே மாவட்டம். அந்தக் கட்சி நிற்காத தொகுதிகளிலும் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் பல இடங்களில் இடதுசாரிகளுக்கே விழுந்தன. சேனநாயக்கவின் கட்சிக்கு இது பெரிய இடைஞ்சல்.

1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம். தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபிக்கவும் வேண்டும் என்றது சட்டம். தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்து லயத்திலேயே செத்த கூலித் தொழிலாளியிடம் முப்பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? அடுத்த ஆண்டு இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் வந்தது. விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோரில் குடியுரிமை கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான பேருக்குத்தான். மூன்றாவதாக வந்த தேர்தல் சட்டத் திருத்தம், குடிமக்கள் அல்லாதவர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது.

தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் முதல் சட்டத்தை எதிர்த்தவர். பிறகு சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். இரண்டாவது சட்டம் வந்தபோது அரசின் பக்கம் நின்றார். அவருடைய சகா எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பிரிந்து போய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இன்று தோட்டத் தமிழருக்கு நடப்பது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நடக்கும் என்பதுதான் அவர் எச்சரிக்கை. யாழ்ப்பாணத்து வாக்காளர்கள் அதைக் காதில் வாங்கவில்லை. 1952இல் காங்கேசன்துறையில் செல்வநாயகமே ஐ.தே.க. வேட்பாளரிடம் தோற்றுப்போனார். அடுத்த நான்கு ஆண்டுகளில் அவர் சொன்னது பலித்தது.

பறிபோன வாக்குகளுக்காக 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாகிரகம் செய்தது. பலன் இல்லை. வாக்கு இல்லாதவர்களின் சத்தியாகிரகத்துக்கு எந்த வேட்பாளர் அஞ்சுவார்? அன்றைய இலங்கை அரசியலில் ஏற்பட்ட மிகப் பெரிய சேதமே இதுதான். சிங்கள வாக்காளர்களின் எடை ஒரே அடியாகக் கூடியது. அவர்களை மட்டும் திருப்திப்படுத்தினால் ஆட்சியைப் பிடித்துவிடலாம் என்ற நிலை, எந்தத் தீவிரத் தலைவரும் முளைப்பதற்கு முன்பே, சட்டப் புத்தகத்தில் உருவாகிவிட்டது.

அரிசி விலையும் ஆங்கிலமும்

1952 மார்ச்சில் கொழும்பு காலிமுகத் திடலில் குதிரையிலிருந்து விழுந்து டி.எஸ். சேனநாயக்க இறந்தார். மகன் டட்லி பிரதமரானார். கொரியப் போர்க் காலத்தில் ரப்பருக்குக் கிடைத்த நல்ல விலை சரிந்துகொண்டிருந்தது. அரசின் கையில் பணம் இல்லை. பங்கீட்டு அரிசியின் விலை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் அழைத்த ஹர்த்தாலில் நாடே நின்றது. துப்பாக்கிச் சூட்டில் மக்கள் மாண்டார்கள். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் கூடியது. சில வாரங்களில் டட்லி பதவி விலக, அவர் உறவினர் ஜான் கொத்தலாவல வந்தார்.

சிங்களக் கிராமத்து மக்களின் மனக்குறை பொய்யான மனக்குறை அல்ல. இதை நேர்மையாகச் சொல்லாமல் 1956ஐ விளங்கிக்கொள்ள முடியாது. சுதந்திரம் வந்த பிறகும் அரசாங்கம் ஆங்கிலத்திலேயே நடந்தது. தபால் நிலையப் படிவம் ஆங்கிலம், காவல் நிலையப் புகார் ஆங்கிலம், வழக்கு ஆங்கிலம். மக்களில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாத மொழி அது. சிங்களப் பள்ளியில் படித்த ஆசிரியருக்கு ஆங்கிலப் பள்ளி ஆசிரியருக்குரிய மதிப்போ சம்பளமோ இல்லை. நாட்டு வைத்தியருக்கு மரியாதை இல்லை. தமிழ்ப் பள்ளியில் படித்தவருக்கும் இதே கதிதான். 1940களில் சுயபாஷை இயக்கம் என்று தொடங்கியபோது அது ஆங்கிலத்தின் இடத்தில் சிங்களமும் தமிழும் வர வேண்டும் என்ற கோரிக்கையாகத்தான் இருந்தது.

ஆங்கிலத்துக்கு எதிரான அந்தக் கோபம் தமிழருக்கு எதிரானதாகத் திருப்பிவிடப்பட்டது. யாழ்ப்பாணத்தில் மிஷனரிகள் வைத்த நல்ல ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. வறண்ட மண்ணில் விவசாயம் குறைவு. படித்து அரசு உத்தியோகத்துக்குப் போவதுதான் பிழைப்பு வழி. அதனால் அலுவலகங்களில் தமிழர்களின் எண்ணிக்கை அவர்களுடைய மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாக இருந்தது. வேலையில்லாச் சிங்கள இளைஞனுக்கு எதிரில் தெரிந்தது, மாளிகையில் இருந்த கொழும்பு சீமான் அல்ல. நாற்காலியில் இருந்த தமிழ் எழுத்தர்.

பண்டாரநாயக்கவின் கணக்கு

எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1899இல் ஆங்கிலேயருக்கு மிக நெருக்கமான ஒரு கிறிஸ்தவச் சீமான் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். பின்னாளில் பௌத்தரானவர். இளம் வயதில் இலங்கைக்குக் கூட்டாட்சி முறைதான் பொருந்தும் என்று எழுதியவர். சேனநாயக்கவுக்குப் பிறகு தனக்குப் பிரதமர் பதவி வராது என்று தெரிந்ததும் 1951இல் வெளியேறி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அந்தக் கட்சியின் முதல் கொள்கை அறிக்கை சிங்களம், தமிழ் இரண்டையும் ஆட்சிமொழியாக்கச் சொன்னது. 1952இல் கிடைத்தது ஒன்பதே இடங்கள்.

1954இல் யாழ்ப்பாணம் போன பிரதமர் கொத்தலாவல, இரண்டு மொழிக்கும் சம அந்தஸ்து தர அரசியலமைப்பில் வழிசெய்வதாக வரவேற்பு மேடையில் சொன்னார். தெற்கில் நெருப்புப் பற்றிக்கொண்டது. எல்.எச். மெத்தானந்த போன்ற கல்வியாளர்களும் களனி விகாரையின் தலைமைப் பிக்கு புத்தரக்கித தேரரும் ஊர் ஊராகப் பேசினார்கள். பிக்குகளைத் திரட்டிய எக்சத் பிக்கு பெரமுன வீடு வீடாகப் போனது. 1956 புத்தர் பரிநிர்வாணம் அடைந்த 2,500ஆம் ஆண்டு. நாடே விழாக் கோலத்தில் இருந்தது. காலனி ஆட்சி பௌத்தத்துக்குச் செய்த அநீதிகளைத் தொகுத்த விசாரணைக் குழு அறிக்கை தேர்தலுக்குச் சற்று முன், பிப்ரவரியில் வெளியானது.

பண்டாரநாயக்க காற்று வீசும் திசையைப் பார்த்தார். 1955 டிசம்பரில் அவர் கட்சி சிங்களம் மட்டும் என்று மாறியது. ஆட்சிக்கு வந்தால் 24 மணி நேரத்தில் அதைச் செய்வதாக மேடைகளில் முழங்கினார். மார்க்சியர் பிலிப் குணவர்த்தன, காலியின் தகநாயக்க ஆகியோரின் குழுக்களைச் சேர்த்து மகாஜன எக்சத் பெரமுன என்ற கூட்டணி அமைத்தார். பிக்கு, வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி என்ற ஐம்பெரும் சக்திகளின் கூட்டணி என்று அது தன்னைச் சொல்லிக்கொண்டது. சம அந்தஸ்துக் கொள்கையில் உறுதியாக இருந்த லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுகளும், ஐ.தே.க.வை வீழ்த்த வேண்டும் என்பதற்காக இந்தக் கூட்டணியோடு போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்துகொண்டார்கள்.

ஐ.தே.க. என்ன செய்தது? எதிர்த்து நிற்கவில்லை. 1956 பிப்ரவரியில் களனியில் மாநாடு கூட்டி, தானும் சிங்களம் மட்டும் என்று தீர்மானம் போட்டது. சம அந்தஸ்து பேசிய பிரதமரே அதற்குத் தலைமை தாங்கினார். தமிழ் உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். அந்த ஒரு தீர்மானம் இலங்கையின் அரசியலை நிரந்தரமாக மாற்றியது என்று சொல்வது மிகையல்ல. அதுவரை ஒரு தரப்பின் தீவிரக் கோரிக்கையாக இருந்தது, அன்றைக்கு இரண்டு பெரிய கட்சிகளின் பொதுக் கொள்கையாகிவிட்டது. சிங்கள வாக்காளர் முன்னால் இனி இரண்டு கொள்கை இல்லை. யார் வேகமாகச் செய்வார்கள் என்ற கேள்வி மட்டும்தான்.

ஏப்ரல் தேர்தலில் மகாஜன எக்சத் பெரமுனவுக்கு நாற்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வாக்குகள், 51 இடங்கள். ஐ.தே.க.வுக்கு எட்டு. கொள்கையை விற்றதற்கு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி பத்து இடங்களைப் பிடித்தது. நாடு மொழிவாரியாக இரண்டாகப் பிரிந்து வாக்களித்திருந்தது.

ஜூன் 5 அன்று சிங்களம் மட்டும் என்ற சட்ட முன்வடிவு நாடாளுமன்றத்துக்கு வந்தது. வெளியே காலிமுகத் திடலில் அறவழியில் உட்கார்ந்த செல்வநாயகமும் தோழர்களும் கும்பலால் தாக்கப்பட்டார்கள்; இளம் உறுப்பினர் அமிர்தலிங்கம் தலையில் கட்டோடு அவைக்குள் போனார். கிழக்கே கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கலவரம் வெடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவையில் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர்.டி. சில்வா, ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் நாடு ஒன்றாக இருக்கும் என்ற பொருளில் எச்சரித்தார். ஆளுங்கட்சியோடு ஐ.தே.க.வும் சேர்ந்து வாக்களிக்க, சட்டம் நிறைவேறியது.

அவருக்கே திரும்பியது

பண்டாரநாயக்க முட்டாள் அல்லர். கிளப்பிவிட்ட பூதத்தை மறுபடி குடுவைக்குள் அடைக்கப் பார்த்தார். 1957 ஜூலை 26 அன்று செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்தார்: தமிழைத் தேசியச் சிறுபான்மையினரின் மொழியாக ஏற்பது, வடக்கு கிழக்கு நிர்வாகத்தைத் தமிழில் நடத்துவது, பிராந்திய சபைகள் அமைப்பது. அது நிறைவேறியிருந்தால் பின்னால் வந்த போரே வந்திருக்காது என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் அதைவிட நல்ல வாய்ப்பு பிறகு வரவே இல்லை.

இப்போது எதிர்க்கட்சியான ஐ.தே.க.வின் முறை. அக்டோபரில் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஒப்பந்தத்தை எதிர்த்து கொழும்பிலிருந்து கண்டிக்குப் பாத யாத்திரை புறப்பட்டார். இம்புல்கொடையில் ஆளுங்கட்சிக்காரர்கள் சாலையை மறித்து அதை நிறுத்தினார்கள். ஆனால் நச்சு விதை ஊன்றியாகிவிட்டது. 1958 தொடக்கத்தில், எண் பலகையில் சிங்கள எழுத்தில் ‘ஸ்ரீ’ போட்ட பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. வடக்கில் அந்த எழுத்தைத் தார் பூசி அழித்தார்கள், தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளை அழித்தார்கள். ஏப்ரல் 9 அன்று சுமார் இருநூறு பிக்குகள் கொழும்பு ரோஸ்மீட் பிளேஸில் உள்ள பிரதமர் வீட்டின் முன் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தார் பண்டாரநாயக்க.

அடுத்த மாதமே நாடு தழுவிய இனக் கலவரம். ரயில்களை மறித்துத் தமிழர்களை அடித்தார்கள், கொன்றார்கள். நெருக்கடி நிலை அறிவிக்க நாள்கள் பிடித்தன. கொழும்பில் அடைக்கலம் புகுந்த தமிழ்க் குடும்பங்கள் கப்பலில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டன. சொந்த நாட்டுக் குடிமக்களைக் காப்பாற்ற, நாட்டின் இன்னொரு மூலைக்குக் கப்பலேற்றிய அரசு அது.

1959 செப்டம்பர் 25 காலை, அதே ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த பிரதமர், காவி உடையில் வந்தவரைப் பார்த்துக் கும்பிட எழுந்தார். பிக்கு சோமராம தேரர் அவரைச் சுட்டார். மறுநாள் இறந்தார். சதித்திட்டத்தின் மூளை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 1956 வெற்றிக்கு ஊர் ஊராகப் போய் உழைத்த அதே களனி புத்தரக்கித தேரரை. வணிக ஒப்பந்தங்கள் கைகூடாத கோபமும் அந்தக் கொலையின் பின்னால் இருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. குண்டடிபட்ட நிலையிலும் மக்கள் பழிவாங்கப் புறப்பட வேண்டாம் என்று பண்டாரநாயக்க வேண்டுகோள் விட்டதை இங்கே பதிவு செய்தாக வேண்டும்.

பெர்லினில் நடந்தது

உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த எடுத்துக்காட்டு ஜெர்மனி. ஹிட்லரின் கட்சிக்கு 1928 தேர்தலில் கிடைத்தது 2.6 விழுக்காடு. பொருளாதாரப் பெருமந்தம் வந்து, வேலையில்லாதோர் எண்ணிக்கை அறுபது லட்சத்தைத் தொட்ட 1932இல், ஜூலைத் தேர்தலில் 37.3 விழுக்காடு. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் 33.1ஆகச் சரிந்தது. மக்கள் ஒருபோதும் அவருக்குத் தனிப்பெரும்பான்மை தரவில்லை. 1933 ஜனவரி 30 அன்று அவரைச் சான்சலராக்கியது முதிய குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். ஆலோசனை சொன்னது பழமைவாதத் தலைவர் பாப்பன். அமைச்சரவையில் ஹிட்லரோடு சேர்த்து நாஜிகள் மூன்றே பேர். மற்ற எல்லோரும் நம்மவர்கள், ஆளை அடக்கி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். இரண்டே மாதத்தில், மார்ச் 23 அன்று, நாடாளுமன்றமே தன் அதிகாரத்தை அவர் கையில் கொடுத்தது. 444 பேர் ஆதரவு. சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும் எதிர்ப்பு. கம்யூனிஸ்டுகள் அதற்குள் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தார்கள்.

இரண்டு நாடுகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜெர்மனியில் தீவிரத்துக்கென்று ஒரு தனிக் கட்சி, தனிப் படை இருந்தது. இலங்கையில் அப்படி ஒன்று தேவைப்படவே இல்லை. அப்பட்டமான இனவெறிக் கட்சிகள் அங்கே எப்போதும் சிறியவைதான். 2004 தேர்தலில் பிக்குகளையே வேட்பாளராக நிறுத்திய ஜாதிக ஹெல உறுமயவுக்குக்கூட 225 இடங்களில் கிடைத்தது ஒன்பது. ஆனால் அந்தச் சிறு கட்சிகளும் சங்கங்களும் எழுப்பிய கோரிக்கைகளைப் பெரிய கட்சிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு சட்டமாக்கின. முன்பின் தெரியாத ஒருவர் வந்து மக்களாட்சியைப் பறித்துப் போனதாகக் காட்டும் கதைகளைவிட இது கசப்பானது. நன்கு படித்த, தேர்தலில் நம்பிக்கையுள்ள, தனிப்பட்ட வாழ்வில் தமிழ் நண்பர்களை வைத்திருந்த மனிதர்கள்தான் இதைச் செய்தார்கள்.

கொல்வின் ஆர்.டி. சில்வாவையே எடுத்துக்கொள்ளலாம். 1956இல் அப்படி எச்சரித்த அவர் கட்சி 1964இல், கொல்லப்பட்ட பிரதமரின் மனைவி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசில் சேர்ந்தது. 1972இல் புதிய குடியரசு அரசியலமைப்பை உருவாக்கிய அமைச்சர் அவரே. அந்த அரசியலமைப்பு சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவை விட்டுவிட்டது. கண்டி யாத்திரை போன ஜெயவர்த்தன 1977இல் 168 இடங்களில் 140ஐ வென்றார். மறு ஆண்டு நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி பதவியை உருவாக்கி அமர்ந்தார். 1980இல் சிறிமாவோவின் குடியியல் உரிமையைப் பறித்தார். தன் கட்சி உறுப்பினர்களிடம் தேதியில்லா ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் தேர்தலுக்குப் பதில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி, அதே நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தார். அடுத்த ஜூலையில் கொழும்பு எரிந்தபோது கும்பல்களின் கைகளில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. தமிழர் வீடு எது, கடை எது என்று பார்த்துப் பார்த்துக் கொளுத்தினார்கள்.

மீண்டும் அதே பாதை

1983 கலவரத்துக்குப் பின் மூண்ட உள்நாட்டுப் போர் 2009இல் முடிந்த பிறகாவது இந்தப் போட்டி நின்றிருக்கலாம்; நிற்கவில்லை. 2012இல் பொதுபல சேனா என்ற பிக்குகளின் அமைப்பு முளைத்தது. இம்முறை குறி முஸ்லிம்கள். 2014இல் அளுத்கமவில் கலவரம். 2015இல், ஆட்சியில் இருந்த ராஜபக்ச குடும்பத்தை வீழ்த்தி நல்லாட்சி என்ற பெயரில் வந்த மைத்திரிபால சிறிசேன, ரணில் விக்கிரமசிங்க கூட்டணி ஆட்சி, வந்த சில வாரங்களிலேயே மத்திய வங்கிப் பிணைமுறி ஊழலில் மாட்டியது. 2018 அக்டோபரில் ஜனாதிபதி சிறிசேன தன் பிரதமர் ரணிலையே நீக்கி மகிந்த ராஜபக்சவை அமர்த்தினார், நாடாளுமன்றத்தைக் கலைத்தார், உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. இருவரும் பேச்சுவார்த்தையற்றுக் கிடந்த அந்தக் காலத்தில்தான், 2019 ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியா முன்கூட்டியே தந்த எச்சரிக்கை அலுவலக மேசைகளில் கிடந்தது.

ஏழு மாதத்தில் கோத்தபய ராஜபக்ச 52.25 விழுக்காடு வாக்கோடு ஜனாதிபதி. அனுராதபுரம் ருவன்வெலி சேயவில் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்கால் வென்றதாக அங்கேயே சொன்னார். 2020 ஆகஸ்டில் அவர் குடும்பத்தின் பொதுஜன பெரமுனவுக்கு 145 இடங்கள். அக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கும் 20ஆவது திருத்தம் நிறைவேறியபோது ஆதரவாக வாக்களித்தவர்களில் எதிரணியின் முஸ்லிம் உறுப்பினர்கள் சிலரும் உண்டு. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை அடக்கம் செய்ய விடாமல் அந்த அரசு எரித்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. கட்டுப்பாடற்ற அதிகாரம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரையும் கேட்காமல் வரிக் குறைப்பு, ஒரே இரவில் ரசாயன உரத் தடை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் நிறுத்தம், ஜூலையில் ஜனாதிபதியே நாட்டை விட்டு ஓட்டம். அவருக்கு வாக்களித்த அதே சிங்கள விவசாயிகள்தான் உரமில்லாமல் வயலைத் தரிசாகப் போட்டார்கள்.

2024இல் ஜே.வி.பி.யின் அநுரகுமார திசாநாயக்க ஜனாதிபதியானார். நவம்பரில் அவர் தலைமையிலான தேசிய மக்கள் சக்தி 159 இடங்களை வென்றது. 1971இலும் 1980களின் இறுதியிலும் ஆயுதம் ஏந்திய, இந்திய இலங்கை ஒப்பந்தத்தையும் மாகாண சபைகளையும் கடுமையாக எதிர்த்த கட்சியின் தலைவர் இன்று யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம் பிடித்த கூட்டணிக்குத் தலைவர். தீவிரம் தணிந்து மையத்துக்கு வரவும் கூடும் என்பதற்கு அது சான்று. ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் ஜெயவர்த்தன உருவாக்கிய ஜனாதிபதி பதவியும் அவர் பதவியேற்றபோது அப்படியேதான் இருந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில்

இந்த வரலாற்றின் ஒரு பகுதி விருதுநகர் மாவட்டத்திலேயே வாழ்கிறது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த 9.75 லட்சம் மலையகத் தமிழர்களை இரண்டு நாடுகளும் பங்குபோட்டுக்கொள்ளும் கணக்கு. 5.25 லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதியை 1974இல் பாதிப் பாதி. அந்த மக்களில் ஒருவரிடம்கூட எந்த நாடு வேண்டும் என்று கையெழுத்துக்கு முன் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, தமிழ்நாடு முழுக்கச் சிதறிய குடும்பங்களை ஊர்களில் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். அங்கே இந்தியாக்காரன், இங்கே சிலோன்காரன்.

1983க்குப் பிறகு வந்தவர்களின் நிலை இன்னும் மோசம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் மொட்டமலை முகாம் இருக்கிறது. மாவட்டத்தில் இன்னும் சில உண்டு. 2021இல் தமிழக அரசு அறிவித்த கணக்குப்படி மாநிலத்தின் 108 முகாம்களில் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர். அவர்களில் ஒரு பெரும் பகுதியினர் மலையகப் பூர்வீகம் கொண்டவர்கள். அதாவது, இந்த மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வம்சம். இலங்கை 2003இல் சட்டம் கொண்டுவந்து அங்கே எஞ்சியிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இங்கே முகாமில் பிறந்து, நம் பள்ளிகளில் படித்து, நாற்பதை நெருங்கும் மனிதர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமை இல்லை. 2019 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றிலிருந்தும் வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது; இலங்கையைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதே 2019 ஜூனில் மதுரையில் சென்னை உயர் நீதிமன்றக் கிளை, திருச்சி முகாமைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், இந்திய வம்சாவளியினரான அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டது. முப்பாட்டன் எங்கே பிறந்தான் என்ற கேள்வியை வைத்து 1948இல் கொழும்பு அவர்களை வெளியே தள்ளியது. அந்த முப்பாட்டன் பிறந்த மாவட்டம் எது என்று கேட்டால் அவர்கள் சொல்லக்கூடிய பதில் ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி. தேர்தலுக்குத் தேர்தல் ஈழத் தமிழர் நலன் பேசும் எல்லாக் கட்சிகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகின்றன. மொட்டமலைக்காரர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பது எப்போது என்று அவர்களிடம் கேட்கும் பொறுப்பு, வாக்கு இருக்கிற மம்சாபுரத்துக்காரர்களுக்கும் ராஜபாளையத்துக்காரர்களுக்கும் இருக்கிறது.